பழைய அம்பாசிடருக்கு கார்புரேட்டரா இன்ஜெக்‌ஷனா: முதலில் சிலிண்டர் ஹெட்டைப் பாருங்கள்

பழைய அம்பாசிடர் வைத்திருக்கிறவர்கள் இப்போது அடிக்கடி கேட்கிற கேள்வி இது: பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரைக் கழற்றிவிட்டு இன்ஜெக்‌ஷன் போட்டுவிடலாமா? நான்கு வழி இருக்கிறது. கார்புரேட்டரையே ஒழுங்காகச் செய்து வைத்துக்கொள்வது. கார்புரேட்டர் இருந்த இடத்தில் ஒரு த்ராட்டில் பாடியை (காற்றின் அளவைக் கட்டுப்படுத்தும் வால்வு உள்ள பாகம்) உட்காரவைத்து அங்கிருந்தே பெட்ரோலைத் தெளிப்பது. இன்லெட் போர்ட்டுகளில், அதாவது சிலிண்டருக்குள் காற்று நுழைகிற வழிகளில், இன்ஜெக்டர் வைத்து எம்பிஎஃப்ஐ ஆக்குவது. இன்ஜினையே தூக்கிவிட்டு இசுசு 1.8 லிட்டர் இன்ஜினை வைப்பது. பெரும்பாலும் இதைச் செலவை வைத்துத்தான் அலசுகிறார்கள், கூடுதலாகச் செலவழித்தால் கூடுதலாக நல்லது கிடைக்கும் என்று ஒரு எண்ணம். பழைய அம்பாசிடரின் 1489 சிசி இன்ஜினில் அந்தக் கணக்கு எடுபடாது. அதில் மூன்றாவது வழி இரண்டாவதைவிட மோசமாக முடிவதற்கே வாய்ப்பு அதிகம், காரணம் அந்த இன்ஜினின் சிலிண்டர் ஹெட்டில் (வால்வுகளும் போர்ட்டுகளும் இருக்கிற மேல்மூடி) இருக்கிறது.

அதற்கு முன்னால் எதற்காக மாற்ற வேண்டும் என்று பார்த்துவிடலாம். பத்து வருடம் முன்பு கேட்டிருந்தால் நல்ல சோலெக்ஸ் கார்புரேட்டரைத் தொடாதீர்கள் என்று சொல்லியிருப்பேன். இப்போது பங்க்கில் கிடைக்கிற பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால். சுத்தமான பெட்ரோல் 1 கிலோ எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், எத்தனாலுக்கு 9 கிலோ போதும், இ20 கலவைக்கு ஏறக்குறைய 13.5. அதாவது அதே காற்றுக்குச் சுமார் 8 சதவீதம் கூடுதலாக எரிபொருள் போக வேண்டும். கார்புரேட்டருக்கு இது தெரியாது, பெட்ரோலை அளந்து விடுகிற ஜெட்டின் துளை எவ்வளவோ அவ்வளவுதான் விடும். வண்டி லீனாக (காற்றுக்குப் பெட்ரோல் போதாமல்) ஓடும், பிக்கப் குறையும், பாரம் ஏற்றி மேட்டில் போகும்போது இன்ஜின் சூடேறும், எக்ஸாஸ்ட் வால்வுக்கும் நல்லதில்லை. ஆக்சிஜன் சென்சார் வைத்த இன்ஜெக்‌ஷன் இதைத் தானாகவே சரிசெய்துகொள்கிறது. இன்ஜெக்‌ஷன் பக்கம் போவதற்கு இன்று இருக்கிற மிக வலுவான காரணம் இதுதான், பவரோ மைலேஜோ இல்லை. கம்ப்ரெஷன், கேம்ஷாஃப்ட், ஹெட் எல்லாம் பழையபடியே இருக்கும்போது இன்ஜெக்டர் மட்டும் வைத்து இன்ஜின் பவரைக் கூட்ட முடியாது.

இன்னொரு காரணம் நம் ஊர் வெயில். இந்த இன்ஜினில் இன்லெட்டும் எக்ஸாஸ்டும் ஒரே பக்கம், கார்புரேட்டர் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் சூட்டிலேயே வேகிறது. இன்ஜினோடு ஒட்டிய மெக்கானிக்கல் பம்ப் டாங்கிலிருந்து பெட்ரோலை உறிஞ்சித்தான் எடுக்கிறது, உறிஞ்சுகிற பக்கம் அழுத்தம் குறைவு என்பதால் சீக்கிரம் ஆவியாகும். மே மாதம் டிராஃபிக்கில் நின்று ஏர் லாக் ஆகி, பம்ப் மேல் ஈரத்துணி போட்டு உட்கார்ந்திருக்கிற அம்பாசிடர்களைப் பார்க்காதவர்கள் யார்? எத்தனால் கலந்தால் பெட்ரோல் இன்னும் எளிதில் ஆவியாகும். டாங்க் பக்கத்திலிருந்து எலக்ட்ரிக் பம்ப் தள்ளும்போது லைன் முழுக்க அழுத்தத்தில் இருப்பதால் இந்தத் தொல்லை பெரும்பாலும் ஒழிந்துவிடுகிறது.

சரி, முதல் வழி, கார்புரேட்டரையே வைத்துக்கொள்வது. இதை லேசாக நினைக்க வேண்டாம். கார்புரேட்டர் கெட்டுவிட்டது என்று வருகிற வண்டிகளில் பாதிக்கு மேல் கோளாறு பிளக்குகளுக்கு மின்பொறியைப் பங்கிடுகிற டிஸ்ட்ரிபியூட்டரில்தான் இருக்கும்: தேய்ந்த பாயிண்ட் செட், ஆடுகிற ஷாஃப்ட், வேலை செய்யாத வேக்குவம் அட்வான்ஸ். பாயிண்ட்டை எடுத்துவிட்டு எலக்ட்ரானிக் இக்னிஷன் போட்டாலே மிஸ்ஸிங் பாதி போய்விடும். அப்புறம் த்ராட்டில் ஸ்பிண்டில் தேய்ந்து அந்த இடைவெளியில் காற்று இழுக்கும், லேத்தில் கொடுத்து புஷ் போட்டால்தான் ஐடிலிங் நிற்கும், எத்தனை முறை ஸ்க்ரூவைத் திருகினாலும் வேறு வழியில்லை. எரிபொருள் ஹோஸ், பம்ப் டயஃப்ரம், நீடில் வால்வு எல்லாவற்றையும் எத்தனால் தாங்குகிற ரப்பருக்கு மாற்ற வேண்டும், பழைய ரப்பர் உப்பி உதிர்ந்து ஜெட்டை அடைக்கும்.

இ20க்கு மெயின் ஜெட்டைப் பெரிதாக்க வேண்டும். சோலெக்ஸ் ஜெட்டின் எண் மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்குக் கணக்கு, உதாரணமாக 120 என்றால் 1.20 மிமீ துளை. அதை 125 ஆக்கினால் பரப்பளவு 8.5 சதவீதம் கூடும், கிட்டத்தட்ட நமக்குத் தேவையான அளவு. ஐடிலிங்குக்கான பைலட் ஜெட்டையும் அதே விகிதத்தில் பார்க்க வேண்டும், மெயின் ஜெட்டை மட்டும் மாற்றிவிட்டு ஐடிலிங் சரியில்லை என்று புலம்பக் கூடாது. இந்த வழியின் குறை, ஒரு உயரத்துக்கு ஒரு பெட்ரோலுக்கு மட்டும்தான் செட்டிங் சரியாக இருக்கும். ஊட்டி 2,240 மீட்டர், அங்கே காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் ஐந்தில் நாலு பங்குதான், கார்புரேட்டர் வண்டி அங்கே பத்து சதவீதத்துக்கு மேல் ரிச்சாகிவிடும் (காற்றுக்குப் பெட்ரோல் கூடிவிடும்). கணக்குப் போட்டால் ஒரு வேடிக்கை தெரியும்: பழைய ஜெட்டோடு இ20 ஊற்றி ஓட்டுகிற வண்டி சென்னையில் திணறும், ஊட்டியில் கிட்டத்தட்ட சரியாக ஓடும். 125 போட்ட வண்டிக்கு நேர்மாறு.

இப்போது ஹெட் விஷயத்துக்கு வருகிறேன். அம்பாசிடரின் 1489 சிசி பெட்ரோல் இன்ஜின் பிரிட்டிஷ் பிஎம்சி நிறுவனத்தின் பி-சீரிஸ். எம்ஜிபி ஸ்போர்ட்ஸ் காரில் இருந்ததும் இதே குடும்பத்தின் பெரிய இன்ஜின்தான். நாலு சிலிண்டருக்கு இன்லெட் வழி இரண்டுதான், 1ம் 2ம் ஒரு போர்ட்டைப் பங்கிடுகின்றன, 3ம் 4ம் இன்னொன்றை. ஃபயரிங் ஆர்டர் (சிலிண்டர்கள் எரிகிற வரிசை) 1-3-4-2. இதை வைத்துப் பார்த்தால் ஒரு போர்ட்டில் 3வது சிலிண்டர் இழுத்து முடித்த கையோடு, கிராங்க் 180 டிகிரி சுற்றுவதற்குள், 4வது இழுக்க ஆரம்பிக்கும், அதுவும் இழுத்து முடித்தபின் சுமார் 360 டிகிரிக்கு அந்தப் போர்ட்டில் எதுவும் நடக்காது. மற்றதில் 2 முதலில், உடனே 1. ஆக நடுவில் இருக்கும் 2ம் 3ம் எப்போதும் பந்தியில் முதலில் உட்காருகின்றன.

போர்ட்டில் இன்ஜெக்டரை வைத்து வழக்கம்போல ஒரு சுற்றுக்கு ஒருமுறை தெளித்தால் அந்த நீண்ட ஓய்வு நேரத்தில் பெட்ரோல் போர்ட்டில் சேர்ந்து நிற்கும், முதலில் இழுக்கிற 2ம் 3ம் அதை அள்ளிக்கொள்ளும், ஓரத்தில் இருக்கும் 1ம் 4ம் லீனாகப் போகும். இதில் பயப்பட வேண்டியது என்னவென்றால், எக்ஸாஸ்ட்டில் இருக்கும் ஆக்சிஜன் சென்சார் நாலு சிலிண்டரின் புகையும் கலந்த சராசரியைத்தான் படிக்கிறது. இரண்டு ரிச், இரண்டு லீன், சராசரி சரியாக இருக்கும், லேப்டாப் திரையில் எல்லாம் அழகாகத் தெரியும், உள்ளே 1வது 4வது சிலிண்டர் வால்வு கருகிக்கொண்டிருக்கும். கண்டுபிடிக்க வேண்டுமானால் ஒவ்வொரு பிளக்காகக் கழற்றி நிறத்தைப் பார்க்க வேண்டும்.

இதற்குத் தீர்வே இல்லையா என்றால் இருக்கிறது. இதே மாதிரி போர்ட் உள்ள, பிஎம்சியின் இன்னொரு இன்ஜினான ஏ-சீரிஸை வைத்து ரோவர் மினி காரைச் செய்தார்கள். 1991ல் கூப்பர் மாடலுக்கு இன்ஜெக்‌ஷன் கொடுத்தபோது சிங்கிள் பாயிண்ட்தான் வைத்தார்கள், த்ராட்டில் பாடியில் ஒரே ஒரு இன்ஜெக்டர். 1996 இறுதியில்தான் போர்ட்டுக்கு ஒன்றாக இரண்டு இன்ஜெக்டர் வைத்த முறை வந்தது, அதிலும் எந்த சிலிண்டர் இழுக்கும்போது எவ்வளவு தெளிப்பது என்று நேரம் பார்த்துத் தெளிக்க வேண்டியிருந்தது. அந்த இன்ஜினை நாற்பது வருடமாகச் செய்துகொண்டிருந்த கம்பெனியே முதலில் சிங்கிள் பாயிண்ட்டைத்தான் தேர்ந்தெடுத்தது என்பதை நான் ரொம்ப மதிக்கிறேன்.

நம் ஷெட்டில் இதைச் செய்வதானால் மெகாஸ்குவிர்ட் போன்ற இசியுவில் (இன்ஜெக்டர்களை இயக்கும் கம்ப்யூட்டர்) இந்த வகைப் போர்ட்டுக்கென்றே நேரக் கணக்கு உண்டு. கிராங்க்கில் 36-1 பல் சக்கரம் (36 பல்லில் ஒன்று இல்லாதது), கேம் எந்த நிலையில் இருக்கிறது என்று சொல்ல டிஸ்ட்ரிபியூட்டர் இடத்தில் ஒரு ஹால் சென்சார். 800 ஆர்பிஎம்மில் 180 டிகிரிக்கு 37 மில்லிசெகண்ட் கிடைக்கும், தாராளம். 4,500ல் அது 6.7 மில்லிசெகண்ட், இன்ஜெக்டர் திறக்கவே ஏறக்குறைய ஒன்று போய்விடும், மிச்சத்துக்குள் ஒரு சிலிண்டருக்கான முழு அளவையும் கொடுக்க வேண்டுமென்றால் பெரிய இன்ஜெக்டர் வேண்டும், பெரிய இன்ஜெக்டர் வைத்தால் ஐடிலிங்கில் துல்லியம் போகும். ட்யூனிங்கே பொழுதுபோக்கு, எக்ஸாஸ்ட் ஒவ்வொன்றிலும் தனி சென்சார் வைத்துப் பார்க்கத் தயார் என்பவருக்கு இது அருமையான வேலை. குடும்பத்தோடு ஊருக்குப் போய்வர வண்டி வேண்டும் என்பவருக்கு வேண்டாம்.

அதனால்தான் த்ராட்டில் பாடி இன்ஜெக்‌ஷனை நான் சொல்கிறேன். கார்புரேட்டர் மாதிரியே பெட்ரோலும் காற்றும் மேனிஃபோல்டுக்கு மேலேயே கலந்துவிடுகின்றன, போர்ட்டுக்கு வரும்போது கலவையாகத்தான் வருகிறது, பங்கீடு பழைய கார்புரேட்டரில் இருந்த அளவுக்காவது இருக்கும். இத்தனை காலம் அந்தப் பங்கீட்டில்தான் இந்த இன்ஜின்கள் லட்சக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கின்றன. சோக் இழுக்காமல் காலையில் ஸ்டார்ட் ஆகும், ஊட்டியோ ராமேஸ்வரமோ, இ20யோ வேறெதுவோ, சென்சார் பார்த்துக்கொள்ளும். 50 குதிரைத்திறன் இன்ஜினுக்கு மொத்தம் நிமிடத்துக்கு 330 சிசி அளவுக்கு எரிபொருள் போதும், 200 சிசி இன்ஜெக்டர் இரண்டு தாராளம். அமெரிக்க வி8 இன்ஜின்களுக்கு விற்கிற ரெடிமேட் கிட்டுகள் நமக்கு ரொம்பப் பெரியவை, வாங்காதீர்கள். இங்கே கிடைக்கிற ஏதாவது சின்னக் காரின் த்ராட்டில் பாடி, லேத்தில் செய்த ஒரு அடாப்டர், ஸ்பீடுவினோ மாதிரி ஓப்பன் சோர்ஸ் இசியு, இவற்றை வைத்தே முடிக்கலாம். 2020 ஏப்ரலில் பிஎஸ்6 புகை விதி வந்தபின் பைக் மெக்கானிக்குகளுக்கே இன்ஜெக்டரும் ஆக்சிஜன் சென்சாரும் பழகிவிட்டன, வழியில் நின்றாலும் பார்க்க ஆள் கிடைக்கும். ஒன்று மட்டும் கவனம்: மேனிஃபோல்டுக்கு அடியில் எக்ஸாஸ்ட் சூடு படுகிற இடத்தை அழகுக்காகப் பிரித்துவிடாதீர்கள், ஈரமான பெட்ரோல் ஆவியாக அந்தச் சூடு வேண்டும்.

நான்காவது வழி இசுசு. 1990களின் தொடக்கத்தில் வந்த 1800 ஐஎஸ்இசட் அம்பாசிடரில் இந்த இன்ஜினும் 5 கியரும் கம்பெனியிலிருந்தே வந்தன, பின்னால் அதற்கே எம்பிஎஃப்ஐயும் வந்தது. உங்களிடம் இருப்பது கார்புரேட்டர் வைத்த இசுசு என்றால் யோசிக்காமல் போர்ட் இன்ஜெக்‌ஷனுக்குப் போங்கள், சிலிண்டருக்கு ஒரு போர்ட், மேலே சொன்ன சிக்கல் எதுவும் இல்லை. ஆனால் 1489 சிசி வண்டியில் இன்ஜினை மாற்றினால் ஆர்சி புக்கில் இருக்கும் இன்ஜின் எண் மாறுகிறது, மோட்டார் வாகனச் சட்டம் 52வது பிரிவின் கீழ் வரும், ஆர்டிஓ அனுமதி இல்லாமல் செய்தால் இன்சூரன்ஸ் கேட்கும்போது மாட்டிக்கொள்வீர்கள். அந்த அலைச்சலுக்கு இசுசு வண்டியையே தேடி வாங்குவது மேல்.

50 வயது தாண்டிய வண்டி என்றால் இன்னொரு விஷயமும் இருக்கிறது. 2021ல் வந்த வின்டேஜ் வாகன விதிப்படி வண்டி பழைய வடிவிலேயே இருக்க வேண்டும், சேஸிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் செய்திருக்கக் கூடாது. அப்படிப் பதிவு செய்கிற எண்ணம் இருந்தால் முதல் வழியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். எந்த வழியில் போனாலும் கழற்றிய கார்புரேட்டரையும் பம்பையும் எண்ணெய் தடவிப் பத்திரமாக வையுங்கள், நல்ல நிலையில் பழைய சோலெக்ஸ் கிடைப்பது வருடத்துக்கு வருடம் கஷ்டமாகிக்கொண்டே போகிறது.

த்ராட்டில் பாடி என்று முடிவு செய்தவர்கள் இசியுவில் ஆரம்பிக்காதீர்கள். முதல் வேலை கரண்ட். பழைய வண்டியில் டைனமோ இருந்தால் ஐடிலிங்கில் அது தருவது ஒன்றுமில்லை, பம்பும் இன்ஜெக்டரும் இசியுவும் ஹெட்லைட்டும் சேர்ந்தால் பேட்டரி இறங்கிவிடும், ஆல்டர்னேட்டர் கட்டாயம். அடுத்தது பெட்ரோல் லைன். கார்புரேட்டருக்கு 0.2, 0.3 பார் அழுத்தம் போதும், இன்ஜெக்டருக்கு 3 பார் வரை போகும், பழைய ஹோஸும் கிளிப்பும் அதைத் தாங்காது, சூடான எக்ஸாஸ்ட் மேல் பெட்ரோல் பீய்ச்சினால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. டாங்குக்கு ரிட்டர்ன் லைன் வேண்டும். இன்ஜின் நின்றால் பம்பும் நிற்கிற மாதிரி ரிலே வேண்டும்.

அப்புறம் டாங்க். கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பரில் கொஞ்சம் பெட்ரோல் இருப்பு இருப்பதால் பம்ப் ஒரு நொடி காற்றை இழுத்தாலும் தெரியாது. இன்ஜெக்‌ஷனில் உடனே வெட்டும். கால் டாங்க் பெட்ரோலோடு கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவில் ஏறிப் பார்த்தால் புரிந்துவிடும். பம்புக்கு முன்னால் ஒரு சின்ன சர்ஜ் டாங்க் (எப்போதும் பெட்ரோல் நிரம்பி நிற்கிற துணை டாங்க்) வைத்துவிட்டால் இந்த வெட்டு நின்றுவிடும், ஒரு லிட்டர் பிடிக்கிற அளவு போதும், ஆனால் டிக்கிக்குள் வைக்காமல் வண்டிக்கு அடியில் கல் படாத இடமாகப் பார்த்து வையுங்கள்.