குறோமொலி அக்சில் என்று சொல்லிப் பழையதையே பூட்டித் தந்தார்கள்: ஃபோர் வீல் வாகனம் வைத்திருப்போர் கவனத்துக்கு

யாழ்ப்பாணத்திலும் வன்னியிலும் பழைய ஹைலக்ஸ், லாண்ட் குறூசர் போன்ற, முன்பக்கம் முழு அக்சில் உள்ள ஃபோர் வீல் வாகனங்களை வைத்திருப்போர், "முன் அக்சிலைக் குறோமொலிக்கு (குறோமியமும் மொலிப்டினமும் கலந்த பலமான உருக்கு) மாற்றித் தருகிறோம், இனிக் காட்டுக்குள் உடையாது" என்று சொல்லும் கராஜ்களிடம் காசு கொடுக்குமுன் இதை வாசிக்கவேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். விலை கூடக் கேட்டதைப் பற்றியோ வேலை பிந்தியதைப் பற்றியோ எனக்கு முறைப்பாடு இல்லை. என் வாகனத்தில் ஏற்கெனவே இருந்த பாகங்களையே இடம் மாற்றிப் பூட்டி, கறுப்புப் பெயின்ற் அடித்து, புதியவை என்று சொல்லி நான்கு இலட்சத்து இருபதாயிரம் ரூபாய் வாங்கினார்கள். கராஜின் பெயரை இங்கே எழுதவில்லை. முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. அதோடு, இந்த வித்தை அந்த ஒரு இடத்தில் மட்டும்தான் நடக்கிறது என்று நம்பவும் எனக்குக் காரணம் இல்லை.

வாகனம் எல்என் 106 ஹைலக்ஸ், 2.8 லீற்றர் டீசல், முன்னும் பின்னும் லீஃப் ஸ்பிரிங். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் திறக்கப்பட்டது என்பதால், இப்படிப்பட்ட பழைய வாகனங்களைக் கைவிடாமல் திருத்தித் திருத்தி ஓடுவதே எங்களில் பலருக்கு வழியாக இருந்தது. முன் அக்சில் வேலை செய்கிறோம் என்று புதிது புதிதாகக் கராஜ்கள் முளைத்ததும் அந்தக் காலத்தில்தான். வடமராட்சி கிழக்கு மணலிலும் வன்னியின் காட்டுப் பாதைகளிலும் ஓடும் வாகனம் என்பதால், ஸ்டியரிங்கை முழுதாக மடித்துத் திருப்பும்போது இடது முன்சில்லில் "டக் டக்" என்ற சத்தம் கேட்கத் தொடங்கியதும், நடுக்காட்டில் உடைந்து நிற்குமுன் பலமான செற் ஒன்றைப் போட்டுவிடலாம் என்று முடிவெடுத்தேன்.

இந்த அக்சிலில் பலவீனமான இடம் எது என்பது ஓடுகிறவர்களுக்குத் தெரிந்ததுதான். அக்சிலின் நடுவே விசையை இரண்டு பக்கமும் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்சியலில் இருந்து வரும் உள் சாஃப்ற், சில்லு திரும்பும் இடத்தில் ஒரு சீவி (CV) ஜொயின்ற்றுக்குள், அதாவது சில்லு மடிந்திருந்தாலும் சுழற்சியைக் கடத்தும் மூட்டுக்குள், போய் முடிகிறது. வெளியே ஒரு கிண்ணம், உள்ளே நட்சத்திரம் என்று சொல்லப்படும் பல் வெட்டிய வளையம், இரண்டுக்கும் நடுவே கூட்டுக்குள் ஆறு குண்டுகள். சில்லு நேராக நிற்கும்போது ஆறு குண்டுகளும் பாரத்தைப் பங்கிட்டுக்கொள்ளும். ஸ்டியரிங் முழுதாக மடிந்திருக்கும்போது அந்தப் பங்கீடு குலைந்துவிடும். அந்த நிலையில் சில்லு கல்லிலோ வேரிலோ பிடிபட்டு நிற்க, இஞ்சின் விசையை லோ ரேஞ்ச் என்ற மெதுவான ஃபோர் வீல் கியர் 2.28 மடங்காகப் பெருக்கி அனுப்ப, போதாக்குறைக்குப் பெரிய ரயரும் போட்டிருந்தால், கிண்ணம் பிளக்கும், அல்லது நட்சத்திரம் வெடிக்கும், அல்லது சாஃப்ற்றின் பல் முறுகும். ஏற்றத்தில் மேல்நோக்கி றிவேர்ஸ் எடுப்பது இன்னும் மோசம், ஏனென்றால் பாரத்தின் பெரும்பகுதி முன் அக்சிலின் பக்கம் சாய்ந்துவிடுகிறது.

இதற்கு உண்மையான தீர்வு சந்தையில் இல்லாமல் இல்லை. குறோமியம், நிக்கல், மொலிப்டினம் கலந்த, 4340 என்ற தர இலக்கமுள்ள குறோமொலி உருக்கில் செய்து, முறையாகச் சூடாக்கிப் பதப்படுத்திய சாஃப்ற்றும் ஜொயின்ற்றும் வெளிநாட்டில் செற்றாக விற்கப்படுகின்றன. ஒறிஜினல் சாஃப்ற்றின் ஜொயின்ற் பக்க முனையில், சுற்றிவர நீளவாக்கில் வெட்டிய 27 பற்கள் இருக்கும். மேம்படுத்திய செற்களில் அந்த முனை தடித்து 30 பற்களோடு வருபவை உண்டு. டிஃபரன்சியல் பக்க முனையிலோ ஒறிஜினலிலேயே 30 பற்கள்தான். கடைசியாகச் சொன்னதை மனதில் வைத்துக்கொண்டு மேலே வாசியுங்கள்.

கராஜ் உரிமையாளர் எனக்கு வட்ஸ்அப்பில் அனுப்பிய செய்தியில் "30 பல் குறோமொலி செற், இரண்டு பக்கமும், பெயரிங், சீல் எல்லாம் புதுசு" என்று எழுதியிருந்தார். பூட்டும் நாளில் என்னை வரச்சொல்லி, பளபளவென்று கறுப்புப் பெயின்ற் அடித்த சாஃப்ற்றை மேசையில் வைத்து, சோக்கட்டியால் ஒரு பல்லில் கோடு போட்டு, "அண்ணை, நீங்களே எண்ணிப் பாருங்கோ" என்றார். எண்ணினேன், 30 இருந்தது. எண்ணக் காட்டியது டிஃபரன்சியல் பக்க முனையை. மற்ற முனை ஜொயின்ற்றுக்குள் ஏற்கெனவே பூட்டப்பட்டு, கிறீஸும் நிரப்பப்பட்டிருந்தது. அந்த முனையைப் பார்ப்பதென்றால் சாஃப்ற்றைப் பிடித்துக்கொண்டு ஜொயின்ற்றைத் தட்டிக் கழற்றவேண்டும். பூட்டத் தயாராக இருக்கும் பாகத்தை அப்படிக் கழற்றச் சொல்லி யாரும் கேட்கமாட்டார்கள் என்பது அவருக்கு நன்றாகத் தெரியும்.

அதைவிடக் கெட்டித்தனமானது அடுத்த வேலை. வாகனத்தை எடுத்துக்கொண்டு வந்தபோது சத்தம் முற்றாக நின்றிருந்தது. கராஜ் வாசலிலேயே முழு மடிப்பில் இரண்டு பக்கமும் சுற்றிக் காட்டினார்கள். ஒரு சிறு தட்டல்கூட இல்லை. சத்தம் போன காரணம் பின்னர்தான் தெரியவந்தது. ஜொயின்ற்றுக்குள் குண்டுகள் ஓடும் தவாளிப்புகள், முன்னோக்கி ஓடும்போது அழுத்தம் விழும் பக்கத்தில்தான் அதிகம் தேயும். இடது ஜொயின்ற்றை வலதுக்கும் வலதை இடதுக்கும் மாற்றிப் பூட்டினால் சுழற்சித் திசை மாறி, பாரம் தேயாத மறுபக்கத்தில் விழும், சத்தமும் நின்றுவிடும். வசதி இல்லாதவர் கொஞ்சக் காலம் சமாளிப்பதற்குச் செய்யும் பழைய உத்தி இது, வெளிப்படையாகச் சொல்லிச் செய்தால் அதில் எந்தக் குற்றமும் இல்லை. இரண்டு பக்க உள் சாஃப்ற்களும் நீளத்தில் வேறுபட்டவை என்றாலும் ஜொயின்ற் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றேதான் என்பதால் மாற்றுவதில் சிரமமும் இல்லை. ஒரு தகரம் கிறீஸும் ஒரு நாள் கூலியும் போதும்.

மணற்காட்டுப் பக்கம் மணலில் ஓடியவரை ஒன்றும் தெரியவில்லை, மணலில் சில்லு வழுக்கிச் சுற்றிவிடுவதால் ஜொயின்ற்றுக்கு அவ்வளவு அடி விழாது. ஒட்டுசுட்டானுக்கு அப்பால், வேரும் கல்லும் நிறைந்த வற்றிய வாய்க்கால் ஒன்றில் இடது பக்கம் மடித்து ஏறும்போதுதான் ஒரே ஒரு வெடிச்சத்தத்தோடு இழுவை போனது. இழுவை போனதுகூடப் பரவாயில்லை. உடைந்த துண்டு நக்கிளுக்குள் (ஜொயின்ற்றை மூடியிருக்கும், சில்லோடு சேர்ந்து திரும்பும் கூடு) இறுகி, ஸ்டியரிங் ஒரு பக்கம் திரும்ப மறுத்தது. இதே உடைவு ஏ9 வீதியில் கிளிநொச்சி கழிந்து வேகமாக வரும்போது நடந்திருந்தால், இந்தப் பதிவை வேறு யாராவது எழுதியிருப்பார்கள். ஃபோர் வீலை எடுத்துவிட்டு, சில்லையும் சாஃப்ற்றையும் இணைக்கும் முன் ஹப் இரண்டையும் ஃப்ரீயில் விட்டு, உழவு இயந்திரம் ஒன்றின் உதவியோடு வீதிக்கு வந்து சேர்ந்தோம்.

கழற்றியது கோண்டாவில் பக்கம் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒரு பெரியவரிடம். அவர் முதலில் பார்த்தது உடைந்த துண்டை. கிண்ணத்தின் உடைந்த முகத்தில் விளிம்போரமாக ஒரு விரல் அகலத்துக்கு எண்ணெய் ஊறிக் கறுத்திருந்தது. மிச்சம் முழுவதும் புத்தம்புதிய சாம்பல் நிறத்தில், கற்கண்டு உடைத்ததுபோல மணிமணியாக மின்னியது. "தம்பி, இது அண்டைக்கு உடைஞ்சதில்லை. கறுத்த இடம் முந்தியே வெடிச்சிருக்கு, மிச்சம்தான் அண்டைக்குப் போனது" என்றார். பிறகு சாஃப்ற்றை ஜொயின்ற்றில் இருந்து பிரித்து முனையைத் துடைத்து எண்ணினோம். 27. மறுபக்கத்தையும் கழற்றி எண்ணினோம். அதுவும் 27.

பழையதேதான் என்பதற்கு இதைவிட உறுதியான ஆதாரமும் கிடைத்தது. சில வருடங்களுக்கு முன் சீல் மாற்றியபோது, அந்த வேலை செய்த மெக்கானிக் ஜொயின்ற்கள் இடம் மாறிவிடக்கூடாது என்று கிண்ணத்தின் விளிம்பில் பஞ்ச் எனும் குத்துளியால் அடையாளம் குத்தியிருந்தார்: இடதுக்கு ஒரு புள்ளி, வலதுக்கு இரண்டு. இப்போது இடது பக்கத்தில் உடைந்து கிடந்த கிண்ணத்தில், பெயின்ற்றைச் சுரண்டியதும் இரண்டு புள்ளிகள் தெரிந்தன. ஒற்றைப் புள்ளி வலது பக்கத்தில் இருந்தது.

"புதுசு" என்ற சீல்களையும் பெயரிங்குகளையும் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. உள் சீலின் உதடு காய்ந்து வெடித்திருந்தது. அதன் வழியே டிஃபரன்சியல் எண்ணெய் நக்கிளுக்குள் கசிந்து, ஜொயின்ற்றைக் காக்கவேண்டிய, மொலிப்டினம் கலந்த கிறீஸைத் தண்ணீராக்கியிருந்தது. நக்கிளைத் தாங்கும் மேல் கீழ்ப் பெயரிங்குகளின் வளையங்களில் உருளைகள் குத்திய பள்ளங்கள் அப்படியே இருந்தன. உண்மையான குறோமொலி செற்றே போட்டிருந்தாலும் அந்தச் சீலோடு அது நெடுங்காலம் நின்றிருக்காது என்பது என் எண்ணம். எங்கள் ஆட்கள் சாஃப்ற்றைப் பற்றி மணிக்கணக்கில் பேசுவார்கள், சீலைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

திரும்பிப் போய்க் கேட்டபோது கிடைத்த பதில்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாக இருந்தன. முதலில், "அண்ணை, குறோமொலி எண்டாலும் முழு மடிப்பில மிதிச்சா உடையும்தானே" என்றார். அது உண்மைதான், ஆனால் உடைந்தது குறோமொலி அல்ல. பல்லை எண்ணிக் காட்டியதும், கொழும்பில் இருந்து அனுப்பியவர்கள் மாற்றி அனுப்பிவிட்டார்கள் என்றார். புள்ளிகளைக் காட்டியதும் பேச்சு நின்றது. செற் வந்த பெட்டியைக் கேட்டேன், எறிந்தாயிற்று என்றார். என் பழைய பாகங்களைக் கேட்டேன், பழைய இரும்புக்குப் போட்டாயிற்று என்றார். பழைய இரும்புக்குப் போட்டதாகச் சொன்னவை அந்த நேரத்தில் என் வாகனத்தின் பின்பெட்டியில் கிடந்தன.

முறைப்பாட்டை நுகர்வோர் அலுவல்கள் அதிகாரசபைக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டப்படி, பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளில் இருந்து மூன்று மாதங்களுக்குள் முறைப்பாடு எழுத்தில் போய்ச் சேரவேண்டும். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்து வழிமுறையைக் கேட்டுக்கொள்ளலாம். ஜொயின்ற்றை இடம் மாற்றிப் பூட்டும் இந்த வித்தை பெரும்பாலும் அந்த மூன்று மாதத்தைத் தாண்டும் அளவுக்காவது சத்தமில்லாமல் ஓடிவிடும். எனக்கு மூன்று மாதத்துக்குள்ளேயே உடைந்தது நல்லகாலம் என்றுதான் சொல்லவேண்டும். அவர் தந்த பற்றுச்சீட்டில் "முன் அக்சில் வேலை, முழுவதும்" என்று மட்டும் இருந்தது. 30 பல் என்பதற்கும் குறோமொலி என்பதற்கும் சாட்சியாக நிற்பது அந்த வட்ஸ்அப் செய்திதான். ஆகவே வாயால் சொல்வதைச் செய்தியாக அனுப்பச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டில் எந்தெந்தப் பாகம், எத்தனை பல், புதியதா பாவித்ததா என்று எழுதுவித்துக்கொள்ளுங்கள், கழற்றிய பழைய பாகங்களைக் கையோடு வாங்கிக்கொள்ளுங்கள். புதியது என்று சொல்லும் கராஜிடம் பழைய நான்கு துண்டுகளும், சாஃப்ற் இரண்டும் ஜொயின்ற் இரண்டும், தனியாக இருந்தாக வேண்டும்.

காந்தம் வைத்துப் பார்க்கலாம், அரம் போட்டுப் பார்க்கலாம் என்று பலர் ஆலோசனை சொல்கிறார்கள். இரண்டாலும் பயனில்லை: காந்தம் இரண்டு உருக்கிலும் ஒட்டும், ஒறிஜினல் சாஃப்ற்றும் மேற்பரப்பு கடினப்படுத்தப்பட்டது என்பதால் அரத்தை நம்பி வேறுபாடு சொல்லமுடியாது.

இப்போது என் வாகனத்தில், கொழும்புப் பஞ்சிகாவத்தையின் வாகனப் பாகக் கடைகளில் தேடி எடுத்த, பாவித்த ஆனால் தவாளிப்புத் தேயாத ஜப்பான் ஜொயின்ற் இரண்டு, புதிய சீல்களோடும் பெயரிங்குகளோடும் ஓடுகின்றன. பலமான செற்றுக்கு மீண்டும் காசு சேர்த்தாலும், ஹப்பையும் அதற்கேற்பப் பலப்படுத்தும் எண்ணம் எனக்கில்லை. எங்காவது ஒன்று உடையத்தான் வேண்டுமென்றால், டிஃபரன்சியல் பல் உடைவதைவிட வெளியில் இருந்தே கழற்றி மாற்றக்கூடிய ஹப் உடைவது மேல்.

அண்மையில் இதே வாக்குறுதியோடு முன் அக்சில் வேலை செய்வித்தவர்கள் மூன்று மாதம் முடியுமுன் வேறொரு பட்டறையில் ஒரு பக்கத்தையாவது கழற்றிப் பாருங்கள். ஹப்பையும், அது பூட்டியிருக்கும் ஸ்பிண்டிலையும் எடுத்தால் சாஃப்ற் ஜொயின்ற்றோடு வெளியே வரும். ஜொயின்ற்றைத் தட்டிப் பிரித்து அந்தப் பக்க முனையை எண்ணுங்கள், கழற்றும்போதே தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். 30 பல் என்று காசு வாங்கியிருக்க அங்கே 27 இருந்தால், அந்தப் படமும் பற்றுச்சீட்டும் முறைப்பாட்டோடு போகட்டும்.