டெக்சாஸ்ல எல்சிஎஸ்டபிள்யூக்கு (தனியா தெரபி பண்றதுக்கான சோஷியல் வொர்க் லைசென்ஸ்) சூப்பர்விஷன் தேடறவங்க தயவுசெஞ்சு படிங்க, 4,800 டாலர் போச்சு

எனக்கு சூப்பர்வைசர் புடிச்சுக் குடுத்த ஆன்லைன் கம்பெனிகிட்ட இருந்து நேத்து சாயங்காலம் கடைசி மெயில் வந்துச்சு. "உங்கள் டிக்கெட் க்ளோஸ் செய்யப்பட்டது, எங்கள் சேவையை ஒன்று முதல் ஐந்து வரை ரேட் செய்யவும்"னு. ராத்திரி முழுக்கத் தூக்கமே இல்ல, அதான் காலையில வேலைக்குப் போறதுக்கு முன்னாடி உக்காந்து எழுதறேன். 4,800 டாலர். நம்ம ஊர்க் காசுக்கு நாலு லட்சத்துக்கு மேல. அதை விட வயித்தெரிச்சல், அதோட சேந்து போன என் வேலை நேரம். நம்மாளுங்க நெறைய பேர் இப்ப சோஷியல் வொர்க் பக்கம் வர்றாங்க, முக்கியமா ஊர்ல எம்எஸ்டபிள்யூ (சோஷியல் வொர்க் மாஸ்டர்ஸ்) முடிச்சுட்டு கல்யாணம் ஆகி இங்க வந்த பொண்ணுங்க, அவங்க யாரும் இதுல மாட்டக் கூடாது. என்ன செய்யணும்னு கடைசியில சொல்றேன், முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

தெரியாதவங்களுக்காக சுருக்கமா. நான் எம்எஸ்டபிள்யூ படிச்சது சென்னையில. இங்க வந்ததும் அந்த டிகிரி இங்கத்த டிகிரிக்கு சமம்னு கவுன்சில் ஆன் சோஷியல் வொர்க் எஜுகேஷன் கிட்ட எவாலுவேஷன் வாங்கணும், சிலபஸ், ஃபீல்டு வொர்க் மணிக்கணக்கு எல்லாம் காலேஜ்ல இருந்து வரவழைக்கணும், அதுக்கே நாக்கு தள்ளிடுச்சு. அப்புறம் மாஸ்டர்ஸ் எக்ஸாம் எழுதி எல்எம்எஸ்டபிள்யூங்கற மாஸ்டர்ஸ் லைசென்ஸ் வாங்கினேன். ஆனா அதோட நின்னா நாம தனியா தெரபி பண்ண முடியாது, மெடிகேர்க்கு (வயசானவங்களுக்கான கவர்மென்ட் இன்ஷூரன்ஸ்) நம்ம பேர்ல பில் போட முடியாது, எப்பவும் ஒருத்தர் நிழல்லயேதான் வேலை. சொந்தக் கால்ல நிக்கணும்னா எல்சிஎஸ்டபிள்யூ வேணும். அதுக்கு டெக்சாஸ்ல 3,000 மணி நேரம் கிளினிக்கல் வேலை, குறைஞ்சது 24 மாசம், அதுக்குள்ள 100 மணி நேரம் சூப்பர்விஷன், அதாவது அனுபவசாலி ஒருத்தர் நம்ம கேஸ்களைப் பாத்து வழிகாட்டறது. இதெல்லாம் முடிச்சாதான் கிளினிக்கல் எக்ஸாம், நாலு மணி நேரம், அதுக்கு 260 டாலர் தனி.

சூப்பர்விஷன் யார் வேணா தர முடியாது. எல்சிஎஸ்டபிள்யூ இருந்தா மட்டும் போதாது, லைசென்ஸ் குடுக்கற ஸ்டேட் போர்டு அவங்களுக்கு சூப்பர்வைசர்னு தனியா அங்கீகாரம் குடுத்திருக்கணும், பேருக்குப் பின்னாடி எல்சிஎஸ்டபிள்யூ-எஸ்னு போட்டுக்கறாங்க பாருங்க, அந்த எஸ்தான் முக்கியம். அப்புறம் சூப்பர்விஷன் ஆரம்பிச்ச 30 நாளுக்குள்ள சூப்பர்விஷன் ப்ளான்னு ஒரு பேப்பர் போர்டுக்குப் போய் அப்ரூவ் ஆகணும். சூப்பர்வைசர் மாறினா மறுபடி புது ப்ளான். இந்த ரெண்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க, என் கழுத்தை அறுத்தது இந்த ரெண்டுலதான்.

நான் வேலை பாக்கறது ஹூஸ்டன் பக்கம் ஒரு சின்ன மனநலக் கிளினிக். அங்க எல்சிஎஸ்டபிள்யூ-எஸ் ஒருத்தர்கூட இல்ல. வெளிய காசு குடுத்துதான் வாங்கிக்கணும், இங்க அது சகஜம்தான். நான் விசாரிச்சவங்க மணிக்கு 80, 90 டாலர் கேட்டாங்க. 100 மணின்னா எட்டாயிரத்துக்கு மேல. எல்எம்எஸ்டபிள்யூ சம்பளத்துல வீட்டு வாடகை, டேகேர், ஊருக்கு அனுப்பறது எல்லாம் போக அது எங்க இருந்து வரும். அப்பதான் கண்ணுல பட்டுச்சு, சூப்பர்வைசரையும் நம்மளையும் சேத்து வைக்கற ஒரு ஆன்லைன் தளம். பேர் சொல்லல, வக்கீல் ஒருத்தர் இப்ப வேண்டாம்னுட்டார். 100 மணி நேரம் பேக்கேஜ், மொத்தமா முன்கூட்டியே கட்டினா மணிக்கு 48 டாலர், ஆக 4,800. ப்ளான் ஃபைல் பண்றது, ஃபார்ம், கையெழுத்து, எல்லாம் அவங்களே பாத்துப்பாங்களாம்.

நான் உடனே கட்டல. நம்பரைக் குடுத்துட்டு சும்மா இருந்தேன். ரெண்டு நாள் கழிச்சு அந்தத் தளத்துல இருந்து ஒரு பொண்ணு போன் பண்ணுச்சு, இங்கிலீஷ்ல ரெண்டு வரி பேசினதுமே அந்தப் பொண்ணு கேட்டுச்சு, "அக்கா நீங்க தமிழா?"னு. எனக்கு அந்த நிமிஷம் எப்படி இருந்துச்சுன்னு இந்த ஊர்ல தனியா ஓடிட்டு இருக்கற எல்லாருக்கும் புரியும். இந்த லைசென்ஸ் விஷயத்தை அதுக்கு முன்னாடி நான் யார்கிட்டயும் தமிழ்ல பேசினதே இல்ல. வீட்டுக்காரருக்கு ஐடி, மூவாயிரம் மணி நேரம்னா அவருக்கு என்ன புரியும். அந்தப் பொண்ணு திருச்சியாம், அதோட அக்காவும் எம்எஸ்டபிள்யூவாம், "உங்க டென்ஷன் எனக்குத் தெரியும்க்கா, பேப்பர் வொர்க்லதான் நம்மாளுங்க எல்லாம் விட்டுடறாங்க, நீங்க க்ளையன்ட்டை மட்டும் பாருங்க, மீதி நான் இருக்கேன்"னு சொல்லுச்சு. முக்கால் மணி நேரம் பேசினோம். மீனாட்சி கோயிலுக்குப் பேர்லேண்ட் வந்திருக்கேன்க்கா, அடுத்த தடவ வந்தா உங்க வீட்டுக்குதான் சாப்பாட்டுக்குன்னு வேற.

அப்பவும் நான் கேக்க வேண்டியதை எல்லாம் கேட்டேன். சூப்பர்வைசர் பேர் வாங்கி போர்டு வெப்சைட்ல தேடினேன், லைசென்ஸ் ஆக்டிவ், சூப்பர்வைசர் ஸ்டேட்டஸ் இருக்கு, மேல கம்ப்ளைண்ட் எதுவும் இல்ல. அந்த அம்மாகிட்ட வீடியோல பேசினேன், அனுபவசாலி, நல்ல மாதிரி. அதுக்கப்புறம்தான் கார்டை எடுத்தேன். 4,800 டாலர், ஒரே ஸ்வைப்.

முதல் சில மாசம் உண்மையிலயே நல்லா போச்சு, அதையும் சொல்லணும். அந்த அம்மா வேலை தெரிஞ்சவங்க. என் க்ளையன்ட் ஒருத்தர் ஒவ்வொரு செஷன்லயும் கெளம்பற நேரத்துல கதவுகிட்ட நின்னு பெரிய விஷயத்தை எடுப்பார், நான் பாவம்னு இன்னும் இருபது நிமிஷம் உக்கார வெச்சுடுவேன், அடுத்த ஆள் வெளிய காத்துட்டு இருப்பாங்க. அந்த அம்மா என் நோட்ஸைப் படிச்சுட்டு, "அடுத்த செஷனை அவர் கதவுகிட்ட சொன்னதுல இருந்து ஆரம்பி, நேரத்தை நீட்டாதே"ன்னாங்க. அப்படியே செஞ்சேன், ரெண்டு வாரத்துல அவர் உக்காந்ததுமே பேச ஆரம்பிச்சார். சூப்பர்விஷன்னா அதுதான்.

கம்பெனியோட போர்ட்டல்ல நம்ம பேர் பக்கத்துல ஒரு லிஸ்ட் இருக்கும். ஒப்பந்தம், பச்சை டிக். சூப்பர்விஷன் ப்ளான், அதுக்கும் பச்சை டிக், பக்கத்துலயே "அப்ரூவ்டு"ன்னு. போர்டு அனுப்பின லெட்டர் காப்பி குடுங்கன்னு நான் கேட்டப்ப எல்லாம் "எங்க ஃபைல்ல பத்திரமா இருக்குக்கா, முடிவுல மொத்தமா தருவோம்"னு பதில்.

அப்புறம் ஒரு திங்கக்கிழமை லாகின் பண்ணா சூப்பர்வைசர் பேர் மாறியிருக்கு. ஒரு போன் இல்ல, மெயில் இல்ல. கேட்டா "ஷெட்யூலிங் காரணங்களுக்காக"ன்னாங்க. தனி செஷன் போய் குரூப் ஆயிடுச்சு, பாதி பேர் கேமரா ஆஃப், புது அம்மா ஸ்லைடு போட்டு வரிக்கு வரி படிக்கறாங்க, கேஸ் பத்திப் பேச நேரமே இல்ல. ப்ளான் மாத்தணுமேன்னு அன்னைக்கே எழுத்துல கேட்டேன், அடுத்த நாளே இன்னொரு பச்சை டிக் வந்துச்சு, "அப்டேட்டட்"னு.

நான் போன மாசம் கிளினிக்ல ஒரு ஃபார்முக்காக புது சூப்பர்வைசர் லைசென்ஸ் நம்பர் கேட்டேன். அந்த அம்மா குரூப்ல ஒண்ணும் சொல்லாம தனியா சாட்ல எழுதினாங்க: "நான் உங்க சூப்பர்வைசர் இல்லையே, குரூப் நடத்தத்தான் என்னை எடுத்திருக்காங்க, எனக்கு சூப்பர்வைசர் ஸ்டேட்டஸ் கெடையாது." அதைப் படிச்சதும் குடல் கலங்கிடுச்சு. போர்டு சைட்ல பாத்தா வெறும் எல்சிஎஸ்டபிள்யூ, எஸ் இல்ல. அடுத்து போர்டுக்குப் போன் பண்ணேன், அங்க இருந்தவங்க பொறுமையாதான் தேடிப் பாத்தாங்க, என் ஃபைல்ல ப்ளானே இல்ல. ரெண்டாவது மட்டும் இல்லைங்க, முதல் ப்ளானும் இல்ல. போகவே இல்ல. பழைய சூப்பர்வைசரைத் தேடிப் புடிச்சுக் கேட்டா அவங்க கையெழுத்துப் போட்டு கம்பெனிகிட்ட குடுத்திருக்காங்க, கம்பெனி அனுப்பிட்டதா அவங்களும் நம்பிட்டு இருந்திருக்காங்க. அந்தப் பச்சை டிக் கம்பெனியே போட்டது. போர்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கெடையாது.

ப்ளான் இல்லாம பண்ண சூப்பர்விஷன் கணக்குல வராது, அந்தக் காலத்துல கிளினிக்ல நான் பாத்த வேலையும் 3,000ல சேராது. தற்கொலை முயற்சி பண்ணிட்டு வந்தவங்க, புள்ளையப் பறிகொடுத்தவங்க, அவங்க கூட உக்காந்த மணி எல்லாம் பேப்பர்ல பூஜ்யம். 4,800 டாலர் குடுத்து நான் வாங்கினது இதுதான்.

இதுக்கு அப்புறம் நடந்ததுதான் இன்னும் ஆத்திரம். சாட்ல கேட்டா "உங்க பொறுமைக்கு நன்றி". டிக்கெட் போட்டா ஒவ்வொரு பதிலும் ஒவ்வொரு பேர்ல, ஒவ்வொருத்தருக்கும் முதல்ல இருந்து கதை சொல்லணும், சொல்லி முடிச்சா "சம்பந்தப்பட்ட டீமுக்கு அனுப்பியிருக்கோம்". ரீஃபண்ட் கேட்டா, "செஷன்கள் வழங்கப்பட்டுவிட்டன". வழங்கினது சூப்பர்விஷனே இல்லையேன்னா, "நாங்கள் ஒரு டெக்னாலஜி தளம் மட்டுமே, லைசென்ஸ் சம்பந்தமான பொறுப்பு பயனாளருடையது"ன்னு ஒப்பந்தத்துல இருந்து ஒரு பத்தியை வெட்டி ஒட்டறாங்க. அப்ப அந்தப் பச்சை டிக்கை யாருய்யா போட்டது? அதுக்கு மட்டும் பதிலே வரல. அதுக்குப் பதிலா என் போர்ட்டல் லாகினையே மூடிட்டாங்க, என் சூப்பர்விஷன் மணிக்கணக்கு லாக், தேதி, நேரம் எல்லாம் அதுக்குள்ளதான் இருக்கு.

அந்தத் திருச்சிப் பொண்ணுக்குப் போன் பண்ணேன். "அக்கா நான் இப்ப அந்த டீம்ல இல்லக்கா, மெயில் போடுங்கக்கா." அவ்வளவுதான். அன்னைக்கு ராத்திரி வாட்ஸ்அப்ல பாத்தா டிபி காணோம், மெசேஜுக்கு ஒத்த டிக். அக்கா அக்கான்னு உருகின பொண்ணு. அதுக்கு உள்ள நடந்தது தெரியுமோ தெரியாதோ, ஆனா "நான் இருக்கேன்"னு சொன்னது அதுதானே. அந்தத் தமிழைக் கேட்டுத்தானே அத்தனை மாசம் பொறுமையா இருந்தேன்.

கார்டு கம்பெனியில டிஸ்ப்யூட் போட்டேன். தளத்துக்காரங்க என் ஈ-சைன் இருக்கற ஒப்பந்தத்தைக் காட்டிட்டாங்க, காலக்கெடுவும் தாண்டிடுச்சுன்னு கார்டு கம்பெனி டிஸ்ப்யூட்டை மூடிடுச்சு. தெரிஞ்சவங்க ரெண்டு பேர் "நல்லாப் படிச்சுட்டு சைன் பண்ணியிருக்கலாமே"ங்கறாங்க. படிச்சேன். லைசென்ஸ் தேடிப் பாத்தேன், லெட்டர் கேட்டேன், ஆள் மாறினப்ப எழுத்துல கேட்டேன். எதிராளி பொய்யா டிக் போட்டா அதுக்கு என்னை ஏன் கேக்கறீங்க?

சரி, கெளம்பணும், விவரமா எழுத நேரம் இல்ல, முக்கியமானதை மட்டும் சொல்லிடறேன். மொத்தமா முன்பணம் கட்டாதீங்க, ஒரு மணி முடிஞ்சா ஒரு மணிக்குக் காசு. நடுவுல கம்பெனியே வேண்டாம், எல்சிஎஸ்டபிள்யூ-எஸ் யாரோ அவங்ககூட நேரா ஒப்பந்தம் போடுங்க. ப்ளானை நீங்களே போர்டுக்கு அனுப்புங்க, போர்டுல இருந்து அப்ரூவல் உங்க கைக்கு வர்றவரைக்கும் எந்த டிக்கையும் நம்பாதீங்க, ஆள் மாறினா அன்னைக்கே பேரைத் தேடுங்க. லாக் உங்க கம்ப்யூட்டர்லயும் இருக்கட்டும், பேப்பர்லயும் இருக்கட்டும்.

ஏற்கெனவே மாட்டினவங்களுக்கு: போர்டு லைசென்ஸ் வெச்சிருக்கறவங்களைத்தான் விசாரிக்கும், கம்பெனின்னா ஸ்டேட் அட்டர்னி ஜெனரல் ஆஃபீஸ்ல கன்ஸ்யூமர் கம்ப்ளைண்ட் போடணும், நான் போட்டுட்டேன். ஜஸ்டிஸ் கோர்ட்ல 20,000 டாலர் வரைக்கும் வக்கீல் இல்லாமலே கேஸ் போடலாம், ஆனா டிடிபிஏங்கற டெக்சாஸ் கன்ஸ்யூமர் பாதுகாப்புச் சட்டத்துல போகணும்னா 60 நாள் முன்னாடி நோட்டீஸ் அனுப்பணும், என் நோட்டீஸ் இன்னைக்கு சர்டிஃபைடு மெயில்ல போகுது. ஒப்பந்தத்துல ஆர்பிட்ரேஷன் ஷரத்து (கோர்ட்டுக்குப் போகாம நடுவர்கிட்ட தீத்துக்கணும்னு) ஒண்ணு வெச்சிருக்கானுங்க, அதைக் காட்டி இழுக்கப் பாப்பானுங்க, இழுக்கட்டும்.

மணிக்கு 48 டாலர், பச்சை டிக், தமிழ் பேசற பொண்ணு, இந்த மூணும் உங்களுக்கும் நடந்திருந்தா இன்னைக்கே போர்டுக்குப் போன் பண்ணி உங்க ஃபைல்ல ப்ளான் இருக்கான்னு கேளுங்க, ப்ளான் இல்லன்னு சொன்னா எனக்குத் தனியா மெசேஜ் போடுங்க, நாலு பேரா சேந்து கம்ப்ளைண்ட் குடுத்தா எடுபடும். ஸ்க்ரீன்ஷாட் எல்லாத்தையும் இப்பவே எடுத்து வெச்சுக்கோங்க, லாகினை மூடறதுக்கு முன்னாடி.