கும்பகர்ணனுக்காகவே சேரலாம்: ஓர் இணைய வகுப்பில் எட்டு சனிக்கிழமைகள்

குடும்பம், அறத்துணிவு, அதிகாரம். இந்த மூன்றும் இலக்கியத்திலும் வரலாற்றிலும் அரசியலிலும் எங்கெல்லாம் முட்டிக்கொள்கின்றன என்று பார்க்கும் ஓர் இணைய வகுப்பை இப்போதுதான் முடித்தேன். எட்டு வாரம், சனிக்கிழமை தோறும் இரண்டு மணி நேரம், ஏறக்குறைய இருபது பேர். நடத்துபவர்களின் பெயரை எழுதவில்லை, ஏனென்றால் குறைகளும் சொல்லப்போகிறேன். இந்த மாதிரி வகுப்புகள் இப்போது நிறைய வருகின்றன. சேர்வதற்கு முன் என்ன கேட்கவேண்டும் என்று தெரிந்தால் போதும் என்பவர்களுக்காக எழுதுகிறேன்.

நான் சேர்ந்த காரணம் சொந்தக் காரணம். சில வருடங்களுக்கு முன் ஒரு சின்ன சங்கத்தில் அண்ணன் தலைவர், நான் பொருளாளர். இரண்டு செலவுச் சீட்டுகளுக்கு ரசீது இல்லை. வீட்டில் கேட்டேன், பதில் வரவில்லை. பொதுக்குழுவில் எழுந்து கேட்டேன். அண்ணன் என்னோடு நான்கு வருடம் பேசவில்லை. நான் செய்தது சரிதான். இன்றைக்கும் அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த நான்கு வருடமும் இரண்டு வீட்டுக்கும் மாறி மாறி நடந்தது அம்மா.

அதனால் முதல் வாரமே எனக்கும் ஆசிரியருக்கும் உரசல். சோஃபோக்ளீஸின் 'ஆன்டிகனி' என்ற பழைய கிரேக்க நாடகத்தில் தொடங்கினார். ஆன்டிகனியின் அண்ணன் உடலைப் புதைக்கக்கூடாது என்று அரசன் கிரியோன் ஆணையிடுகிறான், அவள் மீறுகிறாள். அரசனுக்கு எதிராகத் தனியாளாக நிற்கும் பெண், சரி. ஆனால் அந்த அரசன் அவளுடைய தாய்மாமன், அவள் கட்டிக்கொள்ள இருந்தவனுக்கு அப்பா. மொத்த நாடகமும் ஒரே வீட்டுக்குள் நடக்கிறது. தங்கை இஸ்மீனி முதலில் பயந்து பின்வாங்குகிறாள். பிறகு தண்டனையில் தனக்கும் பங்கு கேட்கிறாள், அக்கா தர மறுக்கிறாள். இஸ்மீனியை ஆசிரியர் 'கோழை' என்று ஒரே சொல்லில் தள்ளிவிட்டுப் போனார். அந்த வீட்டில் கடைசியில் உயிரோடு மிஞ்சி, எல்லாவற்றையும் சுமக்கப்போவது அவள்தானே என்று கேட்டேன். "அது நாடகத்தில் இல்லையே" என்றார். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

நல்லவேளை போகவில்லை. இரண்டாம் வாரம் ஓர் ஓவியத்தைத் திரை முழுக்க நாற்பது நிமிடம் நிறுத்தி வைத்தார். ரோமில் முடியாட்சியை விரட்டிய புரூட்டஸ், அதைத் திரும்பக் கொண்டுவரச் சதி செய்த தன் இரண்டு மகன்களுக்கே மரண தண்டனை கொடுத்தான் என்பது கதை. கி.மு. 509. அந்தப் பிள்ளைகளின் உடல்கள் வீட்டுக்கு வரும் நேரத்தைப் பிரெஞ்சு ஓவியர் டேவிட் 1789-இல் வரைந்திருக்கிறார். புரூட்டஸ் இருட்டில் உட்கார்ந்திருக்கிறான். வெளிச்சம் முழுவதும் வலப்பக்கம் கதறும் பெண்கள் மேல். நடுவில், மேசைமேல், பாதியில் விட்ட தையல் கூடை. அந்தக் கூடையைப் பெரிதாக்கிக் காட்டிவிட்டு ஆசிரியர் ஒன்றுமே பேசவில்லை. முதல் வாரம் நான் கேட்ட கேள்விக்கு அதுதான் பதில் என்று எடுத்துக்கொண்டேன்.

மனுநீதிச் சோழன் கதையையும் அதே வாரம் பக்கத்தில் வைத்தார். தேர்க்காலில் கன்று விழுந்த கதை நாம் எல்லோரும் பள்ளியில் படித்ததுதான். ஆனால் மகன்மேல் தேரை ஓட்டச் சொல்லி அரசன் முதலில் ஆணையிட்டது அமைச்சனுக்கு. பெரியபுராணத்தில் அந்த அமைச்சன் தேரையும் ஓட்டவில்லை, முடியாது என்றும் சொல்லவில்லை. தன் உயிரை விட்டுவிடுகிறான். அதன் பிறகுதான் அரசனே தேரேறுகிறான். இத்தனை வருடம் இந்தக் கதையைச் சொல்லியும் கேட்டும் இருக்கிறேன், அந்த மனிதரை ஒருநாள்கூட நினைத்துப் பார்த்ததில்லை.

மூன்றாம் வாரம் நெப்போலியன். தன் அண்ணன் தம்பிகளை அரியணை அரியணையாக உட்காரவைத்தது, அதில் லூயி ஹாலந்து மக்கள் பக்கம் சாய்ந்து 1810-இல் முடிதுறந்தது. விஷயம் சுவையானது, வகுப்பு தூக்கம் வரவழைத்தது. பெயர்ப் பட்டியல் வாசித்தார்கள். விட்டுவிடலாம்.

நான்காம் வாரம் ஹிட்லர் காலத்து ஜெர்மனியின் ஷோல் குடும்பம். அண்ணன் ஹான்ஸும் தங்கை சோஃபியும் மியூனிக் பல்கலைக்கழகத்தில் ஹிட்லர் ஆட்சிக்கு எதிராகத் துண்டறிக்கை போட்டுப் பிடிபட்டது 1943 பிப்ரவரி 18, தலை வெட்டப்பட்டது பிப்ரவரி 22. இடையில் நான்கே நாள். இது பலருக்கும் தெரியும். வகுப்பில் எனக்குப் புதிதாகக் கிடைத்தது அப்பா ராபர்ட் ஷோல். பிள்ளைகள் சிறு வயதில் ஹிட்லரின் இளைஞர் அணியில் ஆர்வமாகச் சேர்ந்தபோது வீட்டுக்குள் எதிர்த்துப் பேசியவர் அவர். 1942-இல் அலுவலகத்தில் ஹிட்லரைப் பற்றிச் சொன்ன ஒரு பேச்சுக்காகச் சிறைக்கும் போனார். துணிச்சல் பிள்ளைகளுக்கு வானத்திலிருந்து வரவில்லை, சாப்பாட்டு மேசைச் சண்டையிலிருந்து வந்தது. அதுவரை இந்த வகுப்பு குடும்பத்தை ஒரு தடைக்கல்லாகவே பார்த்துக்கொண்டிருந்தது. இங்கேதான் சற்றே இறங்கிவந்தது.

அப்புறம் ஐந்தாம் வாரம். இதற்காகவே சேரலாம்.

கும்பகர்ணனும் வீடணனும் போர்க்களத்தில் சந்திக்கும் இடத்தைக் கம்பனிலிருந்து பாடல் பாடலாக எடுத்தார்கள். எடுத்தது வேறோர் ஆசிரியை, வயதானவர், இருமிக்கொண்டே பேசினார். அண்ணன் செய்தது தப்பு என்று கும்பகர்ணனுக்கும் தெரியும், அதைச் சபையில் ராவணன் முகத்துக்கு நேராகவே சொன்னவன். ஆனாலும் இத்தனை நாள் வளர்த்துப் போர்க்கோலம் பூட்டி அனுப்பியவனுக்கு உயிரைக் கொடுக்காமல் வரமாட்டேன் என்கிறான். வீடணன் விட்டுப் போனவன். யார் செய்தது சரி என்று எங்களுக்குள் வாக்கெடுப்பு நடந்தது, சரிபாதியாகப் பிரிந்தோம்.

அந்த அம்மா வாக்கெடுப்பைச் சட்டையே செய்யவில்லை. "இரண்டு பேரும் எப்படிப் பேசிக்கொள்கிறார்கள் என்று பாருங்கள்" என்றார். தம்பியைக் கண்டதும் கும்பகர்ணன் இறுகத் தழுவிக்கொள்கிறான். நீ ஒருத்தனாவது பிழைத்தாய் என்று மகிழ்ந்திருந்தேனே, ஏன் வந்தாய் என்கிறான். சாகும்போது ராமனிடம் அவன் கேட்பதும் இந்தத் தம்பிக்கு அடைக்கலம்தான். எதிரெதிர் முடிவு எடுத்த இருவருக்கும் நடுவே ஒரு கடுஞ்சொல் இல்லை. நான் கேமராவை அணைத்துவிட்டேன்.

ஆறாம் வாரத்தில் ஒரே ஒரு காட்சி நின்றது. 1985 பிப்ரவரி 10, தென்னாப்பிரிக்காவின் சொவேட்டோ. நிபந்தனையோடு விடுதலை தருவதாக அரசு சொன்னதை மறுத்து மண்டேலா எழுதியதை, கூட்டத்தின் முன் வாசித்தது மகள் சின்ட்சி. அப்பா கைதானபோது அவளுக்கு இரண்டு வயதுகூட ஆகவில்லை. அப்பா வீட்டுக்கு வரப்போவதில்லை என்பதை மகளே ஊருக்குப் படித்துச் சொல்கிறாள். அதற்குப் பின்னும் ஐந்து வருடம் அவர் சிறையில்தான் இருந்தார்.

கடைசி இரண்டு வாரமும் இன்றைய வாரிசு அரசியல் என்று அட்டவணையில் போட்டிருந்தார்கள். யார் மனமும் நோகாதபடி மேலோட்டமாகத் தடவிவிட்டு முடித்துக்கொண்டார்கள். அறத்துணிவு பற்றிய வகுப்பு அந்த இடத்தில் பம்மியதை என்ன சொல்ல.

நடைமுறைக் குறைகள்: வாசிப்புத் தாள்கள் எப்போதும் வெள்ளி இரவுதான் வரும், படிக்க நேரமிருக்காது. ஒலி விட்டு விட்டுக் கேட்கும். கடைசியில் ஒரு சான்றிதழ் தருகிறார்கள், எதற்கென்று தெரியவில்லை. எல்லாவற்றிலும் மோசம், பதிவுகள் பதினைந்து நாள்தான் கிடைக்கும். சேருமுன் இதை அவசியம் கேளுங்கள். முடிந்தால் ஐந்தாம் வாரத்தை எடுப்பது யார் என்றும் கேளுங்கள்.

அண்ணனுக்கு அந்த ஐந்தாம் வாரப் பதிவை அனுப்ப நினைத்தேன். இப்போது பேசிக்கொள்கிறோம், அளவாக. அனுப்பலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் கெடு முடிந்து சுட்டி செத்துவிட்டது. போனில் நானே சொல்லவேண்டியதாயிற்று, கம்பனும் இல்லாமல் அந்த அம்மாவும் இல்லாமல், என் அரைகுறைத் தமிழில். முழுவதும் கேட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார்.

"அப்போ நான் ராவணனா?" என்றார்.