அரை நொடிக்குள் நடப்பதை எதைக் கொண்டு பதிவது?

ஒரு சொல்லைக் கேட்டு அதன் பொருளைப் பற்றிக்கொள்ள நமக்கு அரை நொடி போதும். அதற்குள் மூளையில் எது முந்துகிறது, எது பிந்துகிறது என்று அறிய, இரத்த ஓட்டத்தைக் கொண்டு மூளைச் செயல்பாட்டைப் படமெடுக்கும் எஃப்.எம்.ஆர்.ஐ. பயன்படாது, அது அளக்கும் இரத்த ஓட்ட மாற்றம் உச்சத்தைத் தொடவே சுமார் ஐந்து நொடிகள் ஆகின்றன. ஆகவே நியூரான்கள் எனும் நரம்பணுக்களின் மின் செயல்பாட்டை நேரடியாகப் பதியும் முறைகளுக்குள்தான் போட்டி.

முதலாவது, தலைமேல் மின்முனைகளைப் பொருத்தும் இ.இ.ஜி. ஜெர்மனியின் யேனா நகரில் ஹான்ஸ் பெர்கர் 1924இல் இம்முறையில் மனித மூளையலைகளைப் பதிவு செய்து, 1929இல் வெளியிட்டார். அறிவாற்றல் ஆய்வில் அதன் வலிமையைக் காட்ட ஒரே சான்று போதும். 1980இல் மார்த்தா குட்டாஸும் ஸ்டீவன் ஹில்யார்டும், சூடான ரொட்டியின்மேல் காலுறையைத் தடவியதாக முடியும் வாக்கியம் போன்றவற்றைப் படிக்கக் கொடுத்தபோது, பொருந்தாத அச்சொல் தோன்றி ஏறத்தாழ 400 மில்லிநொடியில் எதிர்மின் அலையொன்று எழுந்ததைக் கண்டனர். இது சில மைக்ரோவோல்ட் அளவே ஆனதால், பல வாக்கியங்களின் பதிவுகளைச் சராசரி எடுத்தாலன்றி மற்ற அலைகளிலிருந்து பிரித்தறிய முடியாது. அலை மூளையின் எப்பகுதியில் பிறந்தது என்பதையும் இம்முறையால் உறுதியாகச் சொல்ல இயலாது. மண்டையோடு மின்னழுத்தத்தைப் பரப்பிக் கலைத்துவிடுகிறது.

நியூரான்களின் மின்னோட்டம் உண்டாக்கும் காந்தப்புலத்தைத் தலைக்கு வெளியிலிருந்து அளப்பது எம்.இ.ஜி. காந்தப்புலத்தை மண்டையோடு அவ்வாறு கலைப்பதில்லை என்பதே அதன் அடிப்படை. டேவிட் கோஹன் 1968இல் தொடங்கிவைத்த இம்முறை, பூமியின் காந்தப்புலத்தைவிடப் பல கோடி மடங்கு நலிந்த புலத்தை அளக்க வேண்டியிருப்பதால், காந்தத் தடுப்பு அறையையும், திரவ ஹீலியத்தால் சுமார் −269 டிகிரி செல்சியஸுக்குக் குளிர்விக்கப்பட்ட, மிக நுண்ணிய காந்தப்புலத்தையும் உணரும் ஸ்குவிட் உணரிகளையும் கேட்கிறது. இடம் காட்டுவதில் இது முந்துகிறது. ஆனால் இதனை மேம்பட்ட இ.இ.ஜி. என்று கருதுவது பிழை: மூளை மடிப்புகளின் பள்ளச் சுவர்களில் எழும் மின்னோட்டங்களையே இது நன்கு காண்கிறது, மேடுகளின் உச்சியில் எழுபவை பெரும்பாலும் தப்பிவிடுகின்றன. அவ்விரண்டுமே இ.இ.ஜி.யில் பதிவாகும். வழக்கமான எம்.இ.ஜி. கருவிக்குள் தலையை அசைக்கவும் கூடாது. தலையில் அணியும் புதிய உணரிகள் அக்குறையை நீக்கிவருகின்றன.

மூளைக்குள்ளேயே மின்முனை வைத்தால் ஒற்றை நியூரானின் துடிப்பைக்கூடக் கேட்கலாம். எனினும் இது பெரும்பாலும் வலிப்பு நோயாளிகளிடம் மட்டுமே செய்யப்படுகிறது; மின்முனையை எங்கே வைப்பது என்பதை ஆய்வு அல்ல, அவர்களின் சிகிச்சைத் தேவையே முடிவுசெய்கிறது. அப்படித்தான் இருக்கவும் வேண்டும்.

மொழியையோ கவனத்தையோ ஆராயப் புறப்படும் புதிய ஆய்வகத்திற்கு நான் இ.இ.ஜி.யையே பரிந்துரைப்பேன். கைக்குழந்தையின் தலையிலும் அதை அணிவிக்கலாம். நாள்தோறும் பலரை அழைத்துப் பதியலாம். ஒன்றை மட்டும் வலியுறுத்துகிறேன்: வழக்கமான தொப்பிகளின் மின்முனைகள் அடர்ந்த சுருள்முடியில் தோலைச் சரியாகத் தொடுவதில்லை என்பதால், ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலர் ஆய்வுகளிலிருந்து விடுபட்டுள்ளனர். அவர்களின் முடிக்கு ஏற்ற மின்முனைகளையும், அவற்றைப் பொருத்தத் தேவையான கூடுதல் நேரத்தையும் ஆய்வுத் திட்டத்திலேயே தொடக்கத்தில் எழுதிவிட வேண்டும்.