மூடிய பள்ளி, திறந்த பொதுவிடம்: கியோட்டோவும் டோக்கியோவும்

ஜப்பானின் நகர மையங்களில் பிள்ளைகள் குறைந்துபோய் பல பள்ளிகளை மூடிவிட்டார்கள். மிஞ்சிய கட்டடங்களை ஊருக்குப் பயன்படுத்துவதில் இரண்டு வழிகள் உண்டு. உள்ளதை உள்ளபடி காப்பாற்றுவது ஒன்று, சுவரை உடைத்துத் தெருவோடு சேர்ப்பது மற்றொன்று. முதல் வழிக்கு கியோட்டோ கலை மையமும், இரண்டாவதற்கு டோக்கியோவில் இருந்த '3331 ஆர்ட்ஸ் சியோடா' என்ற கலை மையமும் நல்ல உதாரணங்கள்.

கியோட்டோ மையம் இருப்பது பழைய மெய்ரின் தொடக்கப்பள்ளியில். 1869-இல் தொடங்கிய பள்ளி அது. நாடு முழுமைக்குமான கல்விச் சட்டம் வந்ததே 1872-இல்தான். கியோட்டோவின் அந்தக் காலத்துப் பள்ளிகள், அடுப்பு எரியும் ஒவ்வொரு வீடும் காசு கொடுத்து வளர்த்தவை. வட்டாரக் கூட்டம் கூடவும் தீ எங்கே பிடிக்கிறது என்று பார்க்கவும் அங்கேயே இடம் இருந்தது. பொதுவிடமாகவே பிறந்தவை என்று சொல்லலாம்.

இப்போதுள்ள கான்கிரீட் கட்டடம் 1931-இல் எழுந்தது. அக்கம்பக்கத்துக் கிமோனோ வணிகர்கள் அள்ளிக் கொடுத்த பணம் முகப்பிலேயே தெரிகிறது: கியோன் திருவிழாத் தேரை நினைவூட்டும் வடிவம், செம்மை கலந்த சந்தன நிறச் சுவர், ஆரஞ்சு நிற ஸ்பானிய ஓடு, களிம்பேறிய செம்பின் பச்சையில் மழைநீர்க் குழாய். உள்ளே மாடிக்கு ஏறச் சாய்தளம் இருக்கிறது. அந்தக் காலத்துத் தொடக்கப்பள்ளிக்கு இது பெரிய விஷயம். 78 தாதாமி பாய் விரித்த கூடம் ஒன்றும் உண்டு. 1993-இல் பள்ளி மூடியது, 2000-இல் மையம் திறந்தது. வகுப்பறைகள் காட்சிக்கூடங்களாகவும் கலைஞர்களின் பணியறைகளாகவும் ஆயின. ஒன்றில் காபிக் கடை. கட்டடத்தின் மேல் கைவைத்தது மிகக் குறைவு.

டோக்கியோவின் ரென்செய் நடுநிலைப்பள்ளிக்கு அப்படி எந்த அழகும் கிடையாது. எழுபதுகளின் கான்கிரீட் பெட்டி. 2005-இல் மூடப்பட்டு, கலைஞர் நகமுரா மசாதோ தலைமையில் 2010-இல் 3331 ஆகத் திறந்தது. பக்கத்திலேயே ஒரு பூங்கா. கட்டடத்துக்கும் பூங்காவுக்கும் நடுவே இருந்த தடுப்பை எடுத்துவிட்டு, அகலமான மரத்தளமும் படிகளும் போட்டார்கள். தரைத்தளம் பூங்காவைப் பார்த்துத் திரும்பிக்கொண்டது. பூங்காவில் உட்கார்ந்திருப்பவர் நாலு படி ஏறினால் உள்ளே வந்துவிட முடிந்தது. மேல்மாடி வகுப்பறைகளை வாடகைக்கு விட்டார்கள். நடைபாதையில் பிள்ளைகள் கை கழுவிய நீளத் தொட்டிகளை அப்படியே விட்டுவைத்தது எனக்கு மிகவும் பிடித்த முடிவு.

கட்டடமாகப் பார்த்தால் மெய்ரினுக்குப் பக்கத்தில் ரென்செய் நிற்க முடியாது. ஆனால் பொதுவிடமாக என் ஓட்டு டோக்கியோவுக்கே. கியோட்டோவில் வாசல் தாண்டி உள்ளே போக ஒரு காரணம் வேண்டும்: கண்காட்சியோ, காபியோ. வேலை எதுவும் இல்லாதவர் தயங்குவார். டோக்கியோவில் அந்தத் தயக்கத்துக்கே வழியில்லாமல் இருந்தது. சீரமைப்புப் பணம் குறைவாக இருந்தால் முதலில் வாசலுக்குச் செலவழியுங்கள், வர்ணப்பூச்சு காத்திருக்கலாம்.

அதற்காக மெய்ரினின் முகப்பை உடைக்கச் சொன்னால் சம்மதிக்க மாட்டேன். ரென்செய்யில் துணிந்து இடிக்க முடிந்ததே, அங்கே இழக்க அவ்வளவாக ஒன்றுமில்லை என்பதால்தான்.

நீடிப்பதில் கியோட்டோ முந்திக்கொண்டது. நகராட்சியின் கலை மையமாக அது தொடர்கிறது; 3331 தன் ஒப்பந்தக் காலம் முடிந்து 2023 மார்ச்சில் மூடியது. அந்தக் கட்டடத்தை இனி யார் ஏற்று நடத்தினாலும், பூங்காப் பக்கத்து வாசலை மட்டும் அடைத்துவிடக் கூடாது.