மூன்று வருடம் ஆன்லைன் சர்வே: என் நோட்டில் இருக்கும் கணக்கு

2022 ஜூனில் ஆரம்பித்தேன். சின்னவனை எல்கேஜியில் சேர்த்த மாதம். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை வீட்டில் யாரும் இருக்க மாட்டார்கள், ஆனால் வெளியே வேலைக்குப் போகிற அளவுக்கு அது நேரமும் இல்லை. உறையூரில் எங்கள் தெருவில் அப்போது "சர்வே பண்ணினா மாசம் பத்தாயிரம் வரும்" என்று ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. பொருட்களைப் பற்றி இணையத்தில் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொன்னால் காசு தருவார்கள், அதுதான் சர்வே. சரி, பார்ப்போம் என்று இறங்கினேன். பால் கணக்கு எழுதும் பழக்கத்தில், எத்தனை நிமிடம் உட்கார்ந்தேன், எவ்வளவு வந்தது என்று முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டில் குறித்து வந்தேன்.

முதல் வருடம் 148 மணி நேரம், 6,140 ரூபாய். இரண்டாம் வருடம் 121 மணி நேரம், 7,380 ரூபாய். மூன்றாம் வருடம் 82 மணி நேரம், 5,900 ரூபாய். மணிக்கு 41 ரூபாயில் ஆரம்பித்து 72 வரை வந்திருக்கிறேன். நான் புடவைக்கு ஃபால்ஸும் அடித்துக் கொடுக்கிறேன். ஒரு புடவைக்கு 80 ரூபாய், முக்கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். சர்வே ஒரு வருடம்கூட அதை எட்டவில்லை. பத்தாயிரம் என்று சொன்னவர்கள் யாரும் கணக்கு எழுதிப் பார்த்திருக்க மாட்டார்கள். 72 ரூபாய் வீதம் பார்த்தாலும் மாதம் 139 மணி நேரம் வேண்டும். அவ்வளவு நேரம் உட்காரத் தயாராக இருந்தாலும் அத்தனை சர்வே நமக்கு வராது.

நேரம் எங்கே போகிறது என்று எனக்குப் புரியவே ஆறு மாதம் ஆனது. ஒரு சலவைத்தூள் சர்வே, 15 நிமிடம், 60 ரூபாய் என்று போட்டிருந்தது. வயது, ஊர், வீட்டில் எத்தனை பேர், துணி துவைப்பது யார், போன மாதம் எந்தப் பாக்கெட் வாங்கினீர்கள், எங்கே வாங்கினீர்கள் என்று வரிசையாகப் போனது. 11 நிமிடம் ஆன பிறகு, 'இந்த ஆய்வுக்கு நீங்கள் தகுதி பெறவில்லை' என்று வந்து நின்றது. காசு கிடையாது. என் பதில்கள் மட்டும் அவர்களிடம் போய்விட்டன. முதல் வருடம் இப்படிப் பாதியில் துரத்தப்பட்டு வீணான நேரம் மட்டும் 60 மணி நேரத்துக்கு மேல். பணம் வந்த சர்வேயின் நேரத்தை மட்டும் எண்ணினால் நல்ல வருமானம் போலத்தான் தெரியும். துரத்திவிட்ட நேரத்தையும் சேர்த்து எண்ணுங்கள் என்று யார் கேட்டாலும் சொல்கிறேன்.

ஏன் துரத்துகிறார்கள் என்பதற்குக் காரணம் உண்டு. வீட்டில் அதிகம் சம்பாதிப்பவர் என்ன படித்திருக்கிறார் என்று முதலில் கேட்பார்கள். பிறகு மின் இணைப்பு, மின்விசிறி, கேஸ் அடுப்பு, டூவீலர், கலர் டிவி, ஃபிரிட்ஜ், வாஷிங் மெஷின், கம்ப்யூட்டர், கார், ஏசி, விவசாய நிலம் என 11 பொருட்களில் எது எது இருக்கிறது என்று கேட்பார்கள். இந்திய மார்க்கெட் ஆய்வுத் துறை 2011இல் கொண்டுவந்த குடும்ப வகைப்பாடு இது. இந்த இரண்டு பதிலையும் வைத்து ஏ1 முதல் ஈ3 வரை 12 தரங்களில் ஒன்றில் நம் வீட்டைப் போட்டுவிடுவார்கள். ஒவ்வொரு சர்வேக்கும் எந்தத் தரத்தில் எத்தனை பேர் வேண்டும் என்று ஒரு கோட்டா இருக்கும். அது நிரம்பிவிட்டால் நாம் எவ்வளவு ஒழுங்காகப் பதில் சொன்னாலும் கதவு மூடித்தான் இருக்கும்.

இதைத் தெரிந்துகொண்டதும் ஒரு தவறு செய்தேன். கார், ஏசி இரண்டும் இருப்பதாக டிக் அடித்தேன். சர்வேக்கள் கூடத்தான் வந்தன. ஆனால் இரண்டே வாரத்தில் வேறொரு சர்வேயில் கார் எந்த வருட மாடல், எங்கே சர்வீஸ் விடுகிறீர்கள் என்று கேட்டபோது பதில் முன்னுக்குப் பின் முரணாகி, காசாக மாற்றச் சேர்த்து வைத்திருந்த பாயிண்ட் பறிபோனது. பொய் சொன்னதுதான் எனக்கு உறுத்தியது. நம் பதிலை நம்பித்தானே யாரோ ஒரு பொருளுக்கு விலை வைக்கிறார்கள். அன்றிலிருந்து உள்ளதை உள்ளபடிதான் சொல்கிறேன். வேக வேகமாகத் தட்டிக்கொண்டு போவதும் உதவாது. நீளமான கட்டக் கேள்விக்கு நடுவில் 'இந்த வரியில் ஓரளவு உடன்படுகிறேன் என்பதைத் தேர்ந்தெடுக்கவும்' என்று ஒரு வரி ஒளிந்திருக்கும், நாம் படித்துத்தான் பதில் சொல்கிறோமா என்று பார்க்க. அதைத் தவறவிட்டால் மொத்த உழைப்பும் வீண்.

ஒரு சர்வே தளத்தில் 5,000 பாயிண்ட் சேர்ந்தால்தான் பணம் எடுக்கலாம். 4,600 ஆனபோது என் கணக்கை முடக்கிவிட்டார்கள். அதே வைஃபையில் என் கணவரும் ஒரு கணக்குத் தொடங்கியிருந்தார். வீட்டுக்கு ஒரு கணக்குதான் என்ற விதி எங்கள் கண்ணில் படவில்லை. மூன்று மெயில் போட்டேன், ஒன்றுக்கும் பதில் இல்லை. இப்போதெல்லாம் குறைந்தபட்சத் தொகை சிறியதாக இருக்கிற தளத்தில்தான் சேர்கிறேன். அந்தத் தொகை வந்த அன்றே எடுத்துவிடுவேன்.

எடுக்கும் வழிகளில் எனக்குச் சுலபமானது கிஃப்ட் கார்டு. பேபால் என்ற ஆன்லைன் பணக் கணக்கில் வாங்க பான் எண் வேண்டும். டாலரில் வருவது ரூபாயாக மாறும்போது கொஞ்சம் குறையும். பணம் தானாகவே வங்கிக் கணக்குக்கு வந்துவிடும். கூகுள் ஒப்பீனியன் ரிவார்ட்ஸ் என்ற கூகுளின் சர்வே ஆப்பையும் வைத்திருக்கிறேன். கேள்விகள் சில நொடிகளில் முடிந்துவிடும், பெரும்பாலும் எந்தக் கடைக்குப் போனீர்கள், எப்படிப் பணம் கட்டினீர்கள் என்பதுதான். ஆண்ட்ராய்டு போனில் அது பிளே ஸ்டோர் கிரெடிட்டாக மட்டுமே வரும், ஒரு வருடத்துக்குள் செலவழிக்க வேண்டும். ஆப் வாங்குகிறவர்களுக்கு நல்லது, காசு வேண்டுமென்றால் ஆகாது.

இப்போது வாரத்தில் இரண்டு நாள், பெரியவளின் பாட்டு கிளாஸ் வாசலில் காத்திருக்கும்போது மட்டும் பார்க்கிறேன். மூன்று நிமிடத்துக்கு மேல் தகுதிக் கேள்வியே ஓடினால் மூடிவிடுவேன். நேரம் குறைந்தும் மணிக்கூலி கூடியது இதனால்தான். தையல் மெஷினை அந்த வாசலுக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அந்த நேரத்துக்கு இது சரி.

எதிர்வீட்டு அக்காவின் மகள் கல்லூரியில் படிக்கிறாள். நான் சர்வே பண்ணுவதைப் பார்த்துத்தான் அவளுக்கும் ஆசை வந்தது, அது என் மனதை இன்னும் அறுக்கிறது. வாட்ஸ்அப்பில் வந்த ஒரு மெசேஜை நம்பி டெலிகிராம் குரூப்பில் சேர்ந்தாள். ஹோட்டலுக்கு ரேட்டிங் போட்டால் காசு என்றார்கள், முதல் நாள் 150 ரூபாய் நிஜமாகவே வந்தது. அப்புறம் 1,000 கட்டினால் 1,300, அதுவும் வந்தது. அதற்குப் பிறகு கட்டிய 15,000 வரவேயில்லை. எடுக்க வேண்டுமென்றால் இன்னும் கட்டு என்றார்கள். பயந்துபோய் இரண்டு நாள் யாரிடமும் சொல்லவில்லை. நாங்கள் சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930க்குப் போன் செய்தபோது பணம் எங்கெங்கோ மாறிவிட்டிருந்தது. அன்றே கூப்பிட்டிருந்தால் முடக்கியிருக்க வாய்ப்பு இருந்தது. உண்மையான சர்வே ஒரு ரூபாய்கூட நம்மைக் கட்டச் சொல்லாது. வங்கி ஓடிபியும் கேட்காது.

போன பொங்கலுக்குப் பிறகு அவளை என் பக்கத்தில் உட்கார வைத்து ஒரு நல்ல தளத்தில் சேர்த்துவிட்டேன். தனி மெயில் ஐடி, வீட்டுக்கு ஒரே கணக்கு, நோட்டு எல்லாம் சொல்லிக் கொடுத்தேன். முதல் 100 ரூபாய் கிஃப்ட் கார்டு வர ஏழு வாரம் ஆனது. அதை அவள் அம்மாவிடம் காட்டிவிட்டு, எனக்கு ஒரு ஸ்கிரீன்ஷாட் அனுப்பினாள்.