இ8400-ஆ, க்யூ6600-ஆ?
வேலூரில் டிடிபி, ஜெராக்ஸ் கடைகளில் இன்னும் ஓடும் 775 சாக்கெட் மதர்போர்டுக்கு (பழைய இன்டெல் ப்ராசஸர்கள் பொருந்துவது) எந்த ப்ராசஸரைப் போடலாம்? கோர் 2 டியோ இ8400: 2 கோர் (வேலை செய்யும் உட்பகுதி), 3 கிகாஹெர்ட்ஸ், 65 வாட் (வெளிவிடும் சூட்டின் அளவு). கோர் 2 குவாட் க்யூ6600: 4 கோர், 2.4 கிகாஹெர்ட்ஸ்.

ஒரே கோரை நம்பும் பேஜ்மேக்கர் வேலைக்கு டியோவே முந்தும். வீடியோ கன்வெர்ட் செய்ய குவாட்.

சிக்கல் சூட்டில்தான். இங்கே மே மாதம் 40 டிகிரி சாதாரணம். டியோவின் குட்டைக் கூலரையே குவாட்டில் மாட்டினால் சூடேறி வேகம் தானாகக் குறையும். குவாட்டின் மூடியில் 'எஸ்எல்ஏசிஆர்' என்றிருந்தால் 95 வாட்; 'எஸ்எல்9யுஎம்' என்றால் 105, அதைத் தொடாதீர்கள். விலை கொடுக்குமுன் போர்டின் சப்போர்ட் லிஸ்ட்டை (எந்தெந்த ப்ராசஸர் பொருந்தும் என்ற பட்டியல்) பாருங்கள்: மலிவான போர்டுகள் சில 95 வாட்டையே தாங்காது.